முடுக்காமல் விட்ட இரண்டு போல்ட்

சதாசிவத்தைப் பற்றிக் குளுவாங் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் நல்லதைத்தான் சொல்வார்கள். இங்கேயும் அதையே முதலில் சொல்லிவிடவேண்டும். பின்னால் வரப்போவதைக் கேட்டுவிட்டு அவனை ஒரேயடியாகத் தள்ளிவிடக் கூடாது பாருங்கள், அதற்காகத்தான்.

பெக்கோக் பக்கம் செம்பனை எண்ணெய்த் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன். மீசை முளைக்கும் முன்பே குளுவாங்குக்கு வந்து, தரையில் பதிக்கிற ஓடு செய்யும் தொழிற்சாலையில் சுமை தூக்கினான். பிறகு அங்கேயே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்றுக்கொண்டான். ஆள் உயரத்துக்கு அடுக்கிய ஓட்டைத் தூக்கிக்கொண்டு போய் லாரியில் வைப்பான், ஒன்றுகூடக் கீறாது. தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி இறக்குவான் என்று உடன் வேலை செய்கிறவர்களே சொல்வார்கள். குடி கிடையாது. கை நீட்டுகிற பழக்கம் கிடையாது. சந்திரமதியைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. பிள்ளை இல்லை என்று ஊர் பேசியபோதும் அவன்தான் ஊர் வாயை அடைத்தான், அவளை யாரும் குறை பேச விடவில்லை.

ஒரே ஒரு பழக்கம் மட்டும் உண்டு. “ஆச்சா?” என்று யார் கேட்டாலும் “ஆச்சு” என்பான். ஆகியிருக்காது. சொல்லிவிட்டு அப்புறம் ஓடிப்போய்ச் செய்வான்.

கரண்டு பில் கட்டியாச்சா என்று சந்திரமதி கேட்பாள். ஆச்சு என்பான். அவள் குளிக்கப் போனதும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்து போய்க் கட்டிவிட்டு வருவான். தொழிற்சாலையில் மேலாளர் கேட்டால், சரக்கு ஏறிவிட்டது என்பான். அவர் நடந்து வருவதற்குள் ஏற்றியும் விடுவான். ஏமாற்றவேண்டும் என்று சொல்வதில்லை. “இன்னும் இல்லை” என்று சொல்ல அவனுக்கு வெட்கம், அவ்வளவுதான். சொன்னதை எப்படியும் செய்துவிடுவதால் அதை ஒரு குறையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவனும் எடுத்துக்கொள்ளவில்லை.

அவனுக்கு ஒரு தங்கை, தேன்மொழி. அவள் புருஷன் மரம் ஏற்றும் லாரி ஓட்டியவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராகுகாலத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு போனான், திரும்பி வரவில்லை. ராகுகாலம்தான் கொண்டுபோய்விட்டது என்று தேன்மொழி இன்றைக்கும் சொல்வாள், அதை யாரும் மறுத்துப் பேச முடியாது. அப்போது அவள் மகள் லோஷினிக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதுகூட ஆகவில்லை. பிணத்தை எடுத்த அன்று, அப்பா இனி வரமாட்டாரா என்று கேட்டு அழுத பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சதாசிவம் என்னவெல்லாமோ சொன்னான். அதில் ஒன்று, “உன் கல்யாணத்துக்கு மாமா கார்லதான் நீ வந்து இறங்குவே, அப்பா இருந்தா எப்படியோ அப்படி” என்பது. அன்றைக்கு அவனிடம் இருந்தது ஒரு பழைய மோட்டார் சைக்கிள்.

பிள்ளை அதை மறக்கவே இல்லை. அவனும் மறக்கவில்லை.

லோஷினி வளர்ந்து, ஜோகூர் பாருவில் பல் டாக்டரிடம் வேலைக்குப் போய், லாயாங் லாயாங் ஊரைச் சேர்ந்த ஒரு பையனுக்கு நிச்சயமும் ஆனது. அந்த வருஷம்தான் சதாசிவம் காரை வாங்கினான். ஒரு சீனர் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் கிடந்த சிவப்புக் கார். இரண்டே கதவுள்ள பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். தொப்பை விழுந்த ஆளுக்கு இது எதற்கு என்று தொழிற்சாலையில் கேலி செய்தார்கள். அவன் கேட்டுக்கொள்ளவில்லை. துடைத்து, மெருகு போட்டு, தங்கை வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான்.

லோஷினி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்தினாள்.

“என்னாடி?”

“கார் அழகாத்தான் இருக்கு மாமா. ஆனா கைலியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு லோங்காங்குச் சாக்கடையைத் தாண்டப் போற ஆளு மாதிரி நிக்குது.”

உண்மைதான். முன்பு வைத்திருந்தவர் தோட்டத்து மண் சாலையில் ஓட்டுவதற்காக உயரமான ஸ்பிரிங் போட்டிருந்தார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு பூனை படுத்துத் தூங்கலாம். தேன்மொழியும் சிரித்தாள். சதாசிவமும் கூடச் சேர்ந்து சிரித்தான். ஆனால் வீட்டுக்கு வரும்போது, ஸ்போர்ட்ஸ் கார் என்றால் தரையோடு படிந்து நிற்கவேண்டும், கல்யாணத்துக்குள் இறக்கிவிடுகிறேன் பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தான்.

பட்டறையில் கேட்டான். அவர்கள் சொன்ன கூலியைக் கேட்டு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டான். கல்யாணச் செலவில் பாதி அவன் தலையில் இருந்தது. பழைய கார்களை வெட்டி உதிரி விற்கும் கடையில் தேடி, அந்தக் காருக்கென்றே செய்த குட்டை ஸ்பிரிங் நான்கு எடுத்தான், மஞ்சள் பூச்சு உரிந்தவை. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கிளாம்பை ஒரு கூட்டாளியிடம் இரவல் வாங்கினான். கைவேலைக்கு மச்சான் கமலநாதன் இருந்தான்.

கமலநாதன் சந்திரமதியின் தம்பி. சிங்கப்பூருக்குத் தினமும் வேலைக்குப் போய்வருகிறவன். அதிகம் பேசமாட்டான். எதையும் ஒருதரம் செய்துவிட்டு இன்னொருதரம் தொட்டுப் பார்க்கிற ஆள். கதவைப் பூட்டினாலும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வான். அதற்காகவே சதாசிவம் அவனைக் கிண்டல் செய்வான்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு முன் கொட்டகையில் வேலையைத் தொடங்கினார்கள். ஜேக்கில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். பின்பக்கம் இரண்டும் சீக்கிரமே முடிந்தன. முன்பக்கம்தான் சள்ளை. சக்கரத்தைக் கழற்றி, அதிர்ச்சி தாங்கும் அப்சோர்பரின் அடியைச் சக்கரத்தோடு சேர்த்துப் பிடிக்கும் இரண்டு பெரிய போல்ட்டை எடுத்து, மேலே மூன்று நட்டைத் தளர்த்தி, மொத்தத்தையும் வெளியே இழுத்துப் போட்டு, ஸ்பிரிங்கை அமுக்கி, பழையதை எடுத்துவிட்டுக் குட்டையானதை வைக்கவேண்டும். துரு ஏறிய போல்ட் அசையவே இல்லை. இரண்டு பேரும் ஸ்பானர் மேல் ஏறி நின்றார்கள்.

“அக்கா, உங்க வீட்டுக்காரரு இன்னும் கொஞ்சம் சோறு சாப்பிட்டிருக்கலாம், வெயிட்டு பத்தல” என்றான் கமலநாதன்.

“அதுக்கு மேல சாப்பிட்டா காரு தானா இறங்கிடும், ஸ்பிரிங்கே வேணாம்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சோறு சாப்பிட்டபின் இடது முன்பக்கத்தைக் கமலநாதன் செய்தான். வலது பக்கம் ஓட்டுநர் பக்கம். என் பக்கத்தை நானே செய்வேன் என்று சதாசிவம் எடுத்துக்கொண்டான். ஸ்பிரிங் சரியாக உட்கார்ந்துவிட்டது. அப்சோர்பரைத் தூக்கி மாட்டி, அடி போல்ட் இரண்டையும் விரலாலேயே திருகி ஓடவிட்டான். ஸ்பானரைக் கையில் எடுத்த நேரத்துக்குத் தேன்மொழி வந்து இறங்கினாள். கூடவே லோஷினி, கையில் தட்டு. தட்டில் எலுமிச்சம்பழம், கற்பூரம், குங்குமம், ஒரு பூசணிக்காய்.

வண்டியில் பெரிய வேலை செய்தால் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்காமல் சாலைக்கு எடுக்கக் கூடாது. இது தெரியாத வீடு அங்கே கிடையாது. அதுவும் பெண் ஏறப்போகிற கார்.

“அண்ணே, மணி என்னான்னு பார்த்தியா? நாலரைக்கு ராகுகாலம் வந்துரும். அதுக்குள்ள எறக்கிடு.”

“ஆறு மணிக்கு மேல பார்த்துக்கலாமே” என்றான் கமலநாதன்.

“வேணாம்பா. வேலை முடிஞ்சதும் செய்யணும். நான் பட்டது போதும்.” அவள் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்தபிறகு சதாசிவத்துக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ஸ்பானரைக் கீழே வைத்தான். சக்கரத்தைத் தூக்கி மாட்டி அதன் நட்டுகளை மட்டும் முடுக்கினான். உள்ளே அந்த இரண்டு போல்ட் விரலால் திருகிய அளவிலேயே நின்றது. பூசையை முடித்துவிட்டு முடுக்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தான். அது பொய்யில்லை, அப்படித்தான் நினைத்தான்.

லோஷினி குனிந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஒரு பழம் வைத்துக்கொண்டே வந்தாள். அவள் வலது சக்கரத்துக்கு வரும்போதுதான் கமலநாதன் கேட்டான்.

“மச்சான், உங்க பக்கம் அடி போல்ட்டு முடுக்கியாச்சா?”

“ஆச்சு.”

கார் இறங்கியது. கற்பூரம் காட்டினார்கள். கார் மெல்ல முன்னால் நகர, நான்கு பழமும் நசுங்கிச் சாறு தெறித்தது. பூசணிக்காயை உடைத்தார்கள். தரையோடு படிந்து நின்ற காரைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு மலாய்க்காரர், “அலமாக், இதுதான்லா கார்!” என்று வியந்துபோய்த் தமிழிலேயே சொன்னார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். டயருக்கு மேலே இரண்டு விரல்தான் நுழைந்தது. சதாசிவம் ஒவ்வொருவருக்கும் விரலை நுழைத்துக் காட்டினான். சந்திரமதி எல்லாருக்கும் தேநீர் கொண்டுவந்தாள். ஸ்பானர் கொட்டகையின் ஓரத்தில் கிடந்தது. சாயங்காலம் கூட்டிப் பெருக்கும்போது அதை எடுத்துப் பெட்டியில் போட்டு மூடியவனும் அவன்தான்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் கார் ‘டொக்’ என்று ஒரு சத்தம் போட ஆரம்பித்தது. கமலநாதன் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தபோது அதைக் கேட்டுவிட்டுச் சொன்னான்.

“அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்துருங்க மச்சான்.”

“பழைய ஸ்பிரிங்குடா. உட்கார்ற சத்தம்.”

“போல்ட்டு?”

“அதான் அன்னிக்கே சொன்னேனே. நீ பூட்டின கதவையே நாலு தரம் இழுக்கிற ஆளு.”

கமலநாதன் அப்புறம் கேட்கவில்லை. சதாசிவம் வேண்டுமென்று மறைத்தான் என்று சொன்னால் அது நியாயமில்லை. ஆச்சு என்று சொன்ன வாய்க்கு, அது ஆனதாகவே தோன்றிவிட்டது. இத்தனை வருஷமும் சொன்னதை எப்போதோ போய்ச் செய்துவிட்டவன். இதையும் எப்போதோ செய்துவிட்டதாக அவன் மனம் எழுதிக்கொண்டுவிட்டது.

கல்யாண நாள் வந்தது. காரின் முன்னால் மல்லிகையும் சிவப்பு ரோஜாவும் கட்டினார்கள். இரண்டு கதவுக் காரில் பட்டுப்புடவையோடு ஏறுவது லேசான காரியமா? தேன்மொழி முதலில் பின் இருக்கைக்குள் தலையை விட்டு, பாதியில் மாட்டிக்கொண்டு, “பெரிய ஸ்போர்ட்ஸ் காராம், ஆடு ஏத்துற கூண்டு மாதிரி இருக்கு” என்று திட்டிக்கொண்டே போய் உட்கார்ந்தாள். லோஷினி முன்னால் அவன் பக்கத்தில். சந்திரமதியும் மற்றவர்களும் கமலநாதனின் வேனில் பின்னால் வந்தார்கள்.

செம்பனைக்கு நடுவே சாலை நீண்டு கிடந்தது. லோஷினி ஜன்னல் கண்ணாடியில் தன் நெற்றிச்சுட்டியைப் பார்த்துச் சரிசெய்துகொண்டாள். திடீரென்று அவன் பக்கம் திரும்பி, “சொன்ன மாதிரியே செஞ்சுட்டீங்க மாமா” என்றாள். சதாசிவம் சாலையைப் பார்த்தபடி தலையை ஆட்டினான். கார் ஒரு பக்கமாக இழுப்பதை அவன் கை உணர்ந்தது, ‘டொக்’ சத்தம் அடிக்கடி வருவதைக் காது கேட்டது. மனம் கேட்கவில்லை.

லாயாங் லாயாங் கோயில் வாசலில் மேளம் தயாராக நின்றது. மாப்பிள்ளை வீட்டார் மாலையும் தட்டுமாக வரிசை கட்டி நின்றார்கள். முன்னால் மாப்பிள்ளையின் பெரியப்பா ஐயாசாமி. கோயில் தலைவர். மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கிற குரல். வாசல் குறுக்கே சிமெண்டில் ஒரு மேடு போட்டிருந்தார்கள், மோட்டார் சைக்கிள் ஓட்டும் பையன்கள் வேகமாக வரக்கூடாது என்று.

தாழ்ந்த காரை மேட்டின் மேல் நேராக ஏற்றக் கூடாது, ஓரமாகச் சாய்த்து ஒவ்வொரு சக்கரமாக ஏற்றவேண்டும் என்று சதாசிவத்துக்குத் தெரியும். அப்படியே சாய்த்து ஏற்றினான். வலது சக்கரம் மேட்டில் ஏறி இறங்கியது. ஒரு பெரிய சத்தம். சக்கரத்தின் தலை உள்பக்கமாகச் சாய்ந்தது, கார் அந்த மூலையில் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டது. பூவெல்லாம் ஒருபக்கம் சரிந்து தொங்கியது. மேளம் நின்றது.

யாருக்கும் அடிபடவில்லை. அதைக் கடவுள் புண்ணியம் என்றுதான் சொல்லவேண்டும். செம்பனை லாரி எதிரே வரும் சாலையில் நடந்திருந்தால் இந்தக் கதையை யாரும் உட்கார்ந்து கேட்க முடியாது.

லோஷினியை இரண்டு பெண்கள் கைபிடித்து இறக்கினார்கள். தேன்மொழியைப் பின்னாலிருந்து இழுத்து வெளியே எடுப்பதற்குள் அவள் கொண்டை அவிழ்ந்துவிட்டது. சதாசிவம் இறங்கி வந்து குனிந்து பார்த்தான். மடங்கிய சக்கரத்துக்குப் பின்னால், போல்ட் இருக்கவேண்டிய ஓட்டை ஒன்று காலியாக இருந்தது. இரண்டில் மேலே இருந்த போல்ட் எங்கேயோ வழியில் விழுந்திருக்கிறது. கீழ் போல்ட் தளர்ந்து பாதி வெளியே நின்றது.

அந்த ஓட்டையைப் பார்த்ததும் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. விரலால் திருகியது, ஸ்பானரைக் கீழே வைத்தது, எலுமிச்சம்பழம், ‘ஆச்சு’. ஒன்று விடாமல்.

“யாருய்யா இந்தக் காரைச் செஞ்சது?” ஐயாசாமியின் குரல் தலைக்கு மேலே இடித்தது. “பட்டறையிலயா?”

“வீட்லதான்” என்றான் சதாசிவம்.

“வீட்ல யாரு? போல்ட்டே இல்லையே இங்க! பொண்ணு ஏர்ற காருய்யா! யாரு மாட்டினது?”

நாற்பது ஐம்பது பேர் சுற்றி நின்று அவன் வாயையே பார்த்தார்கள். லோஷினியும் பார்த்தாள். அப்பா இருந்தால் எப்படியோ அப்படி என்று சொன்ன மாமன் அவன். அவன் தலை நிமிரவே இல்லை. வாய் மட்டும் திறந்தது.

“இந்தப் பக்கம் கமலன் மாட்டினது.”

சொல்லி முடித்தபிறகுதான் கமலநாதன் தனக்குப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். வேனை நிறுத்திவிட்டு ஓடிவந்தவன், பட்டுச்சட்டையின் கையை மடித்துவிட்டு அதற்குள் காருக்கு அடியில் கையை விட்டிருந்தான். ஒருதரம் நிமிர்ந்து சதாசிவத்தின் முகத்தைப் பார்த்தான். அப்புறம் ஐயாசாமியைப் பார்த்தான்.

“ஆமாங்க பெரியவரே, என் தப்புதான். பொண்ண மொதல்ல உள்ள கூட்டிட்டுப் போங்க. நேரம் போவுது.”

“தெரியாத வேலையில ஏன்யா கைய வைக்கிற? சிங்கப்பூர்ல வேலை செஞ்சா எல்லாம் தெரிஞ்சிருமா? பொண்ணு உசுரு போயிருந்தா நீ குடுப்பியா?”

கமலநாதன் சட்டையைக் கழற்றி வேனில் போட்டுவிட்டு, பட்டு வேட்டியோடு காருக்கு அடியில் படுத்தான்.

மேளம் திரும்ப முழங்கியது. பெண்ணை அழைத்துப் போவது தாய்மாமன் உரிமை. சதாசிவம் லோஷினியின் கையைப் பிடித்தான். அவன் கை சுத்தமாக இருந்தது. ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை. அதுதான் அவனைச் சுட்டது. நடந்துகொண்டே லோஷினி உதட்டை அசைக்காமல் கேட்டாள்.

“அந்தப் பக்கம் நீங்கதானே மாமா மாட்டினீங்க? நான் பழம் வைக்கறப்போ உங்க பக்கத்துலதான் ஸ்பானர் கெடந்துச்சு. கமலன் சித்தப்பா கேட்டாரு. ஆச்சுன்னு சொன்னீங்க.”

மேளச் சத்தத்தில் கேட்காதவன் போல் சதாசிவம் நேரே பார்த்துக்கொண்டு நடந்தான். அவள் தன் கையை உதறியிருக்கலாம். உதறவில்லை. அந்தக் கை அவன் கைக்குள் சூடாக இருந்தது, மணவறை வரைக்கும்.

தாலி கட்டி முடிந்தது. தாய்மாமனுக்கு மாலை போட்டார்கள். மாலை கழுத்தில் இருக்க, அவன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். கமலநாதன் வரவில்லை. சந்திரமதி ஒரு ஓரமாக நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரிந்திருந்தது. தம்பி எப்படி முடுக்குவான் என்று அவளுக்குத் தெரியாதா? முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கட்டிய நாளிலிருந்து அவள் அப்படி முகம் திருப்பியதில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் பெண் வீட்டு மாமன் இறங்கிப் பரிமாறவேண்டும், அது மரியாதை. சதாசிவம் மாலையைக் கழற்றிவிட்டுச் சாம்பார் வாளியை எடுத்தான். முதல் வரிசையில் முதல் ஆளாக ஐயாசாமி உட்கார்ந்திருந்தார். வாழையிலையில் சோற்றைக் குழி பறித்துக் காத்திருந்தார். சதாசிவம் கரண்டியை வாளியில் விட்டவன் அப்படியே நின்றுவிட்டான்.

“என்னாய்யா, ஊத்து.”

“அந்தப் போல்ட்டு... கமலன் இல்லீங்க. நான்தான். அவன் கேட்டான். முடுக்காமலே முடுக்கியாச்சுன்னு சொன்னேன். வாசல்ல உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்.”

ஐயாசாமி சோற்றைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். அவருடைய பெரிய குரல் அப்போது மட்டும் இறங்கி வந்தது. “அந்தப் பையனை நான் அத்தனை பேரு முன்னாடி பேசிட்டேனே. இப்ப என்கிட்ட மட்டும் காதுல வந்து சொன்னா எப்படி?”

அது நியாயம்தானே. சதாசிவம் அவருக்குச் சாம்பாரை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனான்.

“சாம்பார் ஊத்தவா? வாசல்ல காரு உட்கார்ந்துச்சே, அது நான் செஞ்ச வேலைங்க. கமலநாதன் இல்ல.”

அதற்கு அடுத்த இலை. அதற்கும் அடுத்தது. ஒவ்வொரு இலையிலும் நின்றான், ஒவ்வொருவரிடமும் சொன்னான். சிலர் ‘த்சொ’ கொட்டினார்கள். சிலர் அவனைப் பார்க்காமல் அப்பளத்தை நொறுக்கினார்கள். ஒருவர், “ஃபோர்க்லிஃப்ட்டு ஓட்டுறவன்னு சொன்னாங்க, ஓடு எல்லாம் நல்லா இருக்கா?” என்று பக்கத்து ஆளிடம் சொல்லிச் சிரித்தார். அவன் காதில் விழும்படியே சொன்னார். தேன்மொழியின் தோழி பேச்சியம்மாள், “அது சரிப்பா, அதுக்கு ஏன் வாளியைப் புடிச்சுக்கிட்டு அழுவுற? கண்ணீரு உள்ள விழுந்துரப் போவுது, ஊத்து” என்றாள். இரண்டாம் வரிசை முடிவதற்குள் அவன் வந்து சேரும் முன்பே அவன் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. ஆனாலும் எல்லார் இலையிலும் நின்றான். தெரியும் என்றார்கள். தெரிந்தாலும் நான் சொல்லணும் என்று சொல்லிவிட்டுத்தான் ஊற்றினான்.

பெண்கள் வரிசையில் தேன்மொழி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அண்ணே, அப்ப நான் ராகுகாலம்னு அவசரப்படுத்தினதாலயா இது?”

ஆமாம் என்று சொல்ல அப்போது எவ்வளவு லேசாக இருந்திருக்கும்! அவளே அந்தச் சாக்கைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

“இல்லம்மா. நீ எறக்கச் சொன்னே, அவ்வளவுதான். ஆச்சுன்னு சொன்னது என் வாயி.”

கடைசி வரிசையின் கடைசி இலையில் கமலநாதன் உட்கார்ந்திருந்தான். கழுவியும் போகாத கறுப்பு அவன் நகக்கண்ணில் இருந்தது. காரை ஏற்றிப்போக ஆளை வரச்சொல்லி அனுப்பிவிட்டு வந்திருந்தான். சதாசிவம் வாளியோடு அவன் முன்னால் வந்து நின்றான். எல்லாரிடமும் சொன்னதை அவனிடம் சொல்லி என்ன பிரயோசனம்? அவனுக்கு வாசலிலேயே தெரியுமே.

“சாம்பார் ஊத்துங்க மச்சான், சோறு வெள்ளையா கெடக்கு” என்றான் கமலநாதன். ஊற்றியதும், “போதும் போதும். உள்ள போல்ட்டு ஒண்ணும் இல்லையே?” என்றான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சதாசிவமும் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு அடங்கியபிறகு, சோற்றைப் பிசைந்துகொண்டே, தலை நிமிராமல் கமலநாதன் சொன்னான்.

“வாசல்ல சொல்லியிருக்கணும் மச்சான்.”

அவ்வளவுதான் சொன்னான். அதற்குப் பிறகு இந்த விஷயத்தை அவன் வாயால் எடுத்ததில்லை. அடுத்த வாரமே வந்து புது போல்ட் போட்டுக் கொடுத்தான். இரண்டு பேரும் சேர்ந்துதான் முடுக்கினார்கள். முடுக்கியதைக் கமலநாதன் தொட்டுப் பார்த்தான். அவன் பார்த்தபின் சதாசிவமும் தொட்டுப் பார்த்தான். கார் இன்றைக்கும் தரையோடு படிந்துதான் நிற்கிறது. சத்தம் கிடையாது.

சதாசிவத்திடம் இப்போது ஆச்சா என்று கேட்டுப் பாருங்கள். சட்டென்று பதில் வராது. சாப்பிட்டாச்சா என்று கேட்டால்கூடத் தட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, “இன்னும் ஒரு வாய் இருக்கு” என்பான். சந்திரமதிக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். அவனுக்கு வராது.

தேன்மொழி வீட்டுக் கூடத்தில் கல்யாணப் படம் ஒன்றைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறாள். லோஷினிக்குப் பிடித்த படமாம், அவளே கேட்டு வாங்கி மாட்டச் சொன்னாளாம். கோயில் வாசல். மாமன் கையைப் பிடித்துக்கொண்டு பெண் நடந்து வருகிறாள், நிமிர்ந்த தலையும் நெற்றிச்சுட்டியுமாக. பார்க்கிறவர்கள் எல்லாரும் அவளைத்தான் பார்ப்பார்கள். சதாசிவம் அந்த வீட்டுக்குப் போனால் சுவருக்கு முதுகு காட்டி உட்காருவான். ஆனாலும் புறப்படும்போது ஒருதரம் திரும்பிவிடுவான். அவன் கண் பெண்ணிடம் போகாது, தன் முகத்திடமும் போகாது. படத்தின் ஓரத்துக்குப் போகும். அங்கே சிவப்புக் காரின் ஒரு மூலை சாய்ந்து தெரியும், அதற்கு அடியிலிருந்து பட்டு வேட்டி கட்டிய இரண்டு கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.